பூச்சிக்கும் உண்டு பிரேக் ஈவன் பாயிண்ட்: சப்பாத்திக்கள்ளி முதல் படைப்புழு வரை

2018, புரட்டாசிப் பட்டம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளில் வழக்கம்போல மக்காச்சோளம் விதைத்தார்கள். பயிர் முழங்கால் உயரம் வருவதற்குள் இலைகளில் வரிசையாக ஓட்டை. குருத்தைப் பிரித்துப் பார்த்தால் மரத்தூள் மாதிரி எச்சம், அதற்குள் ஒரு புழு. அதன் தலையில் ஆங்கில 'ஒய்' எழுத்தைக் கவிழ்த்துப் போட்டது போல ஒரு வெள்ளைக்கோடு. இதுதான் படைப்புழு. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 2016இல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018 மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்குள்ளும் வந்து சேர்ந்துவிட்டது.

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் நிற்பது. இங்கே விளைவதில் பெரும்பகுதி நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. ஆக, புழு தின்றது வெறும் இலையை அல்ல. விதைக் கடன், உரக் கடன், பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்குச் சேதம்.

விவசாயிகள் என்ன செய்தார்கள்? மருந்துக்கடைக்குப் போனார்கள். ஒரு தடவை அடித்தார்கள், அடங்கவில்லை என்றால் வேறு மருந்து வாங்கி இன்னொரு தடவை அடித்தார்கள். இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. மருந்து அடித்தால் பூச்சி சாகும், நிறைய அடித்தால் நிறைய சாகும், நிறைய செத்தால் பூச்சி குறையும். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

ஆனால் இந்தக் கணக்கு தலைகீழாகவும் போகலாம் என்று 1926லேயே ஓர் இத்தாலியக் கணிதப் பேராசிரியர் காகிதத்தில் போட்டுக் காட்டிவிட்டார். அவர் பூச்சி ஆராய்ச்சிக்காரர் இல்லை. அவர் கைக்கு வந்தது மீன் மார்க்கெட் கணக்கு!

மீன் மார்க்கெட்டில் பிறந்த கணிதம்

அந்தப் பேராசிரியரின் பெயர் வீட்டோ வோல்ட்டெரா. ரோம் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அவருடைய மகள் லூயிசாவை மணந்தவர் உம்பெர்ட்டோ தான்கோனா என்ற கடல் உயிரியலாளர். மருமகன் ஏட்ரியாடிக் கடலோரத்து மீன் மார்க்கெட்டுகளின் பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது.

ஃபியூமே துறைமுகத்தின் (இன்று குரோஷியா நாட்டின் ரியேக்கா) கணக்கு இது. மார்க்கெட்டுக்கு வந்த மொத்த மீனில் சுறா வகைகளின் பங்கு 1914இல் சுமார் 12 சதவீதம். 1915இல் 21. 1918இல் 36! பிறகு இறங்கி 1923இல் 11க்கும் கீழே வந்துவிட்டது.

1914 முதல் 1918 வரை முதல் உலகப் போர். கடலில் போர்க்கப்பல்கள் சுற்றியதால் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்திருந்த காலம். மீன்பிடிப்பு குறைந்தால் எல்லா மீனும் பெருக வேண்டியதுதானே? மற்ற மீன்களைத் தின்னும் சுறாவின் பங்கு மட்டும் ஏன் இப்படி ஏறியது? மருமகன் மாமனாரிடம் கேட்டார். மாமனார் இரண்டு சமன்பாடுகள் எழுதினார். அந்தக் கட்டுரை 1926இல் வெளியானது.

இதே சமன்பாடுகளை அட்லாண்டிக் கடலின் அந்தப் பக்கம் ஆல்ஃபிரட் லோட்கா என்பவர் கொஞ்சம் முன்னதாகவே எழுதியிருந்தார். 1925இல் வந்த அவருடைய புத்தகத்திலும் அவை உண்டு. காமர்ஸ் படிப்பவர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்: லோட்கா வேலை பார்த்தது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனியில்! மனிதர்களின் பிறப்பு இறப்புக் கணக்கு போட்டுச் சம்பளம் வாங்கிய கை, உயிரினங்களுக்கெல்லாம் சேர்த்துக் கணக்கு போட்டது. அதனால்தான் இன்றும் அவற்றுக்கு லோட்கா வோல்ட்டெரா சமன்பாடுகள் என்று பெயர்.

வோல்ட்டெராவைப் பற்றி இன்னொரு செய்தி. 1931இல் முசோலினி அரசு எல்லாப் பேராசிரியர்களையும் பாசிசத்துக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கச் சொன்னது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எடுத்தார்கள். மறுத்தவர்கள் சுமார் 12 பேர்தான். அவர்களில் வோல்ட்டெராவும் ஒருவர். வேலை போனது. 1940இல் காலமானார்.

சரி, கணக்குக்குள் போவோம்

சமன்பாடு என்றதும் பயப்பட வேண்டாம். பிளஸ் ஒன் அக்கவுன்டன்சி போதும்.

பிரேக் ஈவன் பாயிண்ட் எல்லோருக்கும் தெரியும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று வரவும் செலவும் தட்டிக்கொள்ளும் புள்ளி. உயிரினங்களுக்கும் அப்படி ஒரு புள்ளி உண்டு. பிறப்பும் இறப்பும் தட்டிக்கொண்டால் எண்ணிக்கை ஏறாது, இறங்காது. இதைத்தான் கணிதக்காரர்கள் சமநிலை என்கிறார்கள்.

ஒரு காடு. அதில் பயிரைத் தின்னும் பூச்சி. பூச்சியைத் தின்னும் இன்னொரு பூச்சி (சிலந்தி, பொறிவண்டு, குளவி எதுவானாலும் சரி, விவசாய அலுவலர்கள் இதை 'நன்மை செய்யும் பூச்சி' என்பார்கள்). புரிவதற்காகக் கற்பனையாகச் சில எண்கள் வைத்துக்கொள்வோம்.

பூச்சியின் கணக்கு: யாரும் தின்னாவிட்டால் வாரத்துக்கு 100க்கு 20 வீதம் பெருகும். நன்மை செய்யும் பூச்சி ஒவ்வொன்றும் வாரத்துக்கு, இருக்கிற பூச்சியில் 0.1 சதவீதத்தைத் தின்னும். அப்படியானால் 20 சதவீத வரவைச் சரிக்கட்ட எத்தனை நன்மை செய்யும் பூச்சி வேண்டும்? 20ஐ 0.1ஆல் வகுத்தால் 200.

நன்மை செய்யும் பூச்சியின் கணக்கு: சாப்பாடு இல்லாவிட்டால் வாரத்துக்கு 100க்கு 10 வீதம் சாகும். காட்டில் உள்ள ஒவ்வொரு 100 பூச்சிக்கும் அதன் பெருக்கம் 1 சதவீதம் கூடும். 10 சதவீத நட்டத்தைச் சரிக்கட்ட எத்தனை பூச்சி வேண்டும்? 1000.

ஆக, சமநிலையில் 1000 பூச்சி, 200 நன்மை செய்யும் பூச்சி. எண்ணிக்கை அப்படியே அசையாமல் நிற்கும் என்று அர்த்தமில்லை. ஏறும், இறங்கும், சுற்றிச் சுற்றி வரும். ஆனால் நீண்ட நாள் சராசரி இந்தப் புள்ளியில்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காட்டில் எத்தனை பூச்சி இருக்கும் என்பதைப் பூச்சியின் பெருக்கம் தீர்மானிக்கவே இல்லை! 1000 என்ற எண் வந்தது முழுக்க முழுக்க நன்மை செய்யும் பூச்சியின் வரவு செலவிலிருந்து. எதிரியின் பிரேக் ஈவன் பாயிண்ட்தான் பூச்சியின் எண்ணிக்கை.

இப்போது மருந்து அடிப்போம். மருந்துக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. இரண்டையும் வாரத்துக்கு 5 சதவீதம் கொல்கிறது என்று வைப்போம்.

பூச்சியின் பெருக்கம் 20லிருந்து 15 ஆகிறது. அதைச் சரிக்கட்ட 150 நன்மை செய்யும் பூச்சி போதும். நன்மை செய்யும் பூச்சியின் சாவு 10லிருந்து 15 ஆகிறது. அதைச் சரிக்கட்ட 1500 பூச்சி வேண்டும்.

மருந்துக்கு முன் 1000. மருந்துக்குப் பின் 1500! கொல்ல நினைத்தது கூடிவிட்டது. காக்க வேண்டியது 200லிருந்து 150 ஆகிவிட்டது.

மீன் மார்க்கெட் புதிரும் இதே கணக்கின் மறுபக்கம்தான். வலை, சுறாவையும் பிடிக்கும், சின்ன மீனையும் பிடிக்கும். வலை ஓடும்வரை சின்ன மீன் சராசரி கூடுதலாக இருந்தது. போர் வந்து வலை நின்றதும் சுறாவின் பங்கு ஏறியது. வலை திரும்பியதும் இறங்கியது. இதற்கு வோல்ட்டெரா விதி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

காகிதத்தில் சரி... காட்டில்?

இது வெறும் பேப்பர் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாதபடி இரண்டு பெரிய சாட்சிகள் உண்டு.

முதல் சாட்சி கலிபோர்னியா. 1880களில் அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பஞ்சு போர்த்திய செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் கோபெல் என்பவர் 1888இல் ஆஸ்திரேலியா போய், அந்தப் பூச்சியைத் தின்னும் ஒரு சிவப்புப் பொறிவண்டைக் கண்டுபிடித்து அனுப்பினார். முதலில் விடப்பட்டவை மொத்தமே 129 வண்டுகள். இரண்டே ஆண்டுக்குள் தோட்டங்கள் தப்பின. அதே செதில் பூச்சி 1920களில் நம் நீலகிரிக்கும் வந்தபோது, இங்கேயும் அதே வண்டைத்தான் கொண்டுவந்து விட்டார்கள்.

கதை அங்கே முடியவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டி.டி.டி. சந்தைக்கு வந்தது. கலிபோர்னியாத் தோட்டங்களில் வேறு பூச்சிகளுக்காக அதை அடித்தார்கள். வண்டு செத்தது. அறுபது ஆண்டாக அடங்கிக் கிடந்த செதில் பூச்சி மறுபடி தலைதூக்கியது. டி.டி.டி.யை நிறுத்தி, வண்டைத் திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது.

இரண்டாம் சாட்சி நெல். அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையோரம் திருமானூர், தா.பழூர் பக்கம் நெல் போடுபவர்களுக்குப் புகையானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தூரில் உட்கார்ந்து சாறு குடித்து, வயலில் வட்டம் வட்டமாகத் தீப்பிடித்தது போலக் காய வைக்கும் பூச்சி. 1970களில் ஆசியா முழுவதும் புகையான் வெடித்தது. பிலிப்பைன்ஸில் பீட்டர் கென்மோர் என்ற ஆராய்ச்சியாளர் வயலில் இறங்கிப் பார்த்தார். மருந்து அடித்த வயலில்தான் புகையான் பெருகியது. அடிக்காத வயலில் சிலந்திகளும் மற்ற எதிரிகளும் அதை அடக்கி வைத்திருந்தன.

இந்தோனேசியா 1980களில் பூச்சிமருந்துக்கு அள்ளி அள்ளி மானியம் கொடுத்த நாடு. புகையான் கட்டுக்கு அடங்காமல் போனதும், 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு அடிக்கும 57 மருந்துகளைத் தடை செய்தார். மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. மருந்துச் செலவு சரிந்தது. நெல் உற்பத்தி சரியவில்லை.

சப்பாத்திக்கள்ளி சொல்லும் பாடம்

மருந்து எதிரியின் பிரேக் ஈவனை உயர்த்துகிறது, அதனால் பூச்சி கூடுகிறது. அப்படியானால் எதிரியின் பிரேக் ஈவனைக் குறைத்தால்? கொஞ்சம் சாப்பாட்டிலேயே பிழைத்துக்கொள்ளும் சிக்கனமான எதிரியைக் கொண்டுவந்தால்? மேலே உள்ள கணக்கில் 100 பூச்சிக்குப் பதிலாக 10 பூச்சியிலேயே 1 சதவீதம் பெருகும் எதிரி இருந்தால், சமநிலை 1000 அல்ல, வெறும் 100.

இதற்கு உலகத்திலேயே மூத்த உதாரணங்களில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. சப்பாத்திக்கள்ளி!

சப்பாத்திக்கள்ளி நம் ஊர்ச் செடியே இல்லை. அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். அந்தக் காலத்தில் சிவப்புச் சாயம் ஒரு கள்ளிப் பூச்சியிலிருந்துதான் எடுத்தார்கள், அதில் ஸ்பெயினுக்குக் கொள்ளை லாபம். நாமும் செய்வோம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி டாக்டர், சென்னை சைதாப்பேட்டையில் இதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியும் வந்தது. ஆனால் வந்தது உயர்தரச் சாயப் பூச்சி இல்லை, மட்டமான வகை. சாய வியாபாரம் படுத்துவிட்டது. கள்ளி மட்டும் நிலமெல்லாம் பரவியது.

யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்த மட்டப் பூச்சி, ஒரு வகைக் கள்ளியை அடியோடு தின்று தீர்த்தது. இதைப் பார்த்தவர்கள் 1860களில் அந்தப் பூச்சியை வேண்டுமென்றே தென்னிந்தியாவில் விட்டார்கள். இலங்கைக்கும் அனுப்பினார்கள். களைச்செடி ஒன்றைப் பூச்சியை வைத்து அடக்கிய உலகின் முதல் வெற்றியாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் முள் அதிகமுள்ள இன்னொரு வகைக் கள்ளியை இந்தப் பூச்சி தொடவில்லை. அது தமிழ்நாட்டின் மேய்ச்சல் நிலங்களை அடைத்துக்கொண்டது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு வகைக் கள்ளிப் பூச்சி வந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் பல ஆயிரம் ஏக்கர் நிலம் வெளியே வந்தது.

வோல்ட்டெரா ரோமில் கட்டுரை வெளியிட்ட அதே 1926! இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஒரு பக்கம் கணக்கு, இன்னொரு பக்கம் காடு.

கள்ளி இன்றும் நம் ஊர்ப் பக்கம் வேலியோரம், ஓடைக்கரையோரம் அங்கங்கே இருக்கிறது. மட்டையில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போலப் பூச்சியும் இருக்கும். நசுக்கினால் விரலில் சிவப்புச் சாயம். கள்ளி ஒழிந்துவிடவில்லை, பூச்சியும் ஒழிந்துவிடவில்லை. இரண்டும் குறைந்த எண்ணிக்கையில் தட்டிக்கொண்டு நிற்கின்றன. சமநிலை என்றால் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. தொல்லை தராத அளவு, அவ்வளவுதான்.

சின்ன வெங்காயமும் ஊசலாட்டமும்

எல்லாச் சமநிலையும் நல்ல சமநிலையா? இல்லை. சில சமநிலைகள் கொஞ்சம் தட்டிவிட்டாலே பிய்த்துக்கொண்டு போகும்.

இதைப் புரிந்துகொள்ளப் பெரம்பலூர்க்காரர்களுக்குச் செட்டிகுளம் சின்ன வெங்காயம் போதும். ஒரு வருஷம் விலை ஏறும். அடுத்த பட்டத்தில் எல்லோரும் வெங்காயம் நடுவார்கள். அறுவடை மொத்தமாக வரும், விலை விழும். அடுத்த பட்டத்தில் யாரும் நடமாட்டார்கள். விலை மறுபடி ஏறும். முடிவு எடுப்பது ஒரு விலையைப் பார்த்து, விற்பது வேறொரு விலையில். நடுவில் உள்ள அந்தக் கால தாமதம்தான் ஊசலாட்டத்துக்குக் காரணம். பொருளாதாரத்தில் இதற்குச் சிலந்தி வலைக் கோட்பாடு என்று 1934இல் நிக்கோலஸ் கால்டர் பெயர் வைத்தார். (வரைபடத்தில் போட்டால் சிலந்தி வலை மாதிரியே வரும்.)

அடுத்த ஆண்டே, 1935இல், ஆஸ்திரேலியாவில் நிக்கல்சன் என்ற பூச்சியியலாளரும் பெய்லி என்ற இயற்பியலாளரும் சேர்ந்து, புழுவுக்குள் முட்டையிடும் குளவிகளுக்கு இதே மாதிரிக் கணக்கு போட்டார்கள். இந்த வருஷப் புழுவில் இட்ட முட்டைதான் அடுத்த தலைமுறைக் குளவி. இங்கேயும் அதே தாமதம். விடை என்ன? ஊசல் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போய்க் கடைசியில் அறுந்துவிடுகிறது. புழு ஒளிந்துகொள்ள இடமும், குளவிக்கு வேறு இரையும் இருந்தால்தான் அடங்குகிறது. வரப்போரம் தட்டைப்பயறு, எள், துவரை என்று கலந்து போடச் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

இந்த இழைகளையெல்லாம் சேர்த்து 1959இல் கலிபோர்னியாவில் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் போஷ், ஹேகன் என்ற நால்வர் ஒரு கட்டுரை எழுதினார்கள். காமர்ஸ் மாணவர்கள் படித்தால் சொந்தப் பாடம் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு சமநிலை உண்டு. பயிருக்கு வரும் நட்டம், மருந்துச் செலவை எட்டும் புள்ளி இன்னொன்று உண்டு. பூச்சி அந்த இரண்டாவது புள்ளியை நெருங்கினால் மட்டும் மருந்து அடி. கீழே இருந்தால் விட்டுவிடு. அதைவிட முக்கியம், சமநிலையையே கீழே இறக்கப் பார். இன்று எல்லா வேளாண் பல்கலைக்கழகங்களும் சொல்லும் 'பொருளாதார சேத நிலை', 'ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை' எல்லாம் இங்கிருந்து வந்தவைதான்.

யார் யாரைப் பாதிக்கிறார்கள்?

நிஜக் காட்டில் இரண்டே உயிர் இருப்பதில்லை. பயிர், பத்து வகைப் பூச்சி, அதைத் தின்ன இருபது வகை. எண்களும் நமக்குத் தெரியாது. அப்போது என்ன செய்வது?

ரிச்சர்ட் லெவின்ஸ் (1930-2016) என்ற அமெரிக்க விஞ்ஞானி இதற்கு ஒரு வழி சொன்னார். அவர் 1950களில் போர்ட்டோ ரிக்கோ தீவில் மண்வெட்டி பிடித்து விவசாயம் செய்தவர். பிற்பாடு ஹார்வர்டில் பேராசிரியர். எண் தெரியாவிட்டால் போகட்டும், யார் யாருக்கு நன்மை, யார் யாருக்குத் தீமை என்று அம்புக்குறி போடு. கூட்டல் குறி, கழித்தல் குறி போதும் என்றார். 1974இல் அவர் விளக்கிய இந்த முறையில், ஓர் இடத்தில் கை வைத்தால் அது எங்கே போய் வெடிக்கும் என்று குறிகளை வைத்தே பல சமயம் சொல்லிவிடலாம்.

ஓர் உதாரணம். யூரியா கூடப் போட்டுப் பயிர் செழிக்கிறது, பூச்சிக்கு நல்ல சாப்பாடு, பெருக்கம் வாரத்துக்கு 20 அல்ல 30. மேலே போட்ட கணக்கையே மறுபடி போடுங்கள். எதிரி 200லிருந்து 300 ஆகிறது. பூச்சி? அதே 1000! பூச்சிக்குப் போட்ட சாப்பாட்டின் பலன் முழுவதும் எதிரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் எதிரியை ஏற்கெனவே மருந்தால் ஒழித்துவிட்ட காட்டில் அதே யூரியாவின் பலன் பூச்சிக்குத்தான். ஒரே செயல், இரண்டு காடு, இரண்டு விளைவு. எதிரி இருக்கிறானா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

லெவின்ஸ் மண்வெட்டி பிடித்த அதே போர்ட்டோ ரிக்கோ, தமிழ்நாட்டுக்கு ஓர் உதவி செய்தது. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. சீக்கிரமே பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவியது. மேலே மெழுகு பூசிய பூச்சி, மருந்து உள்ளே இறங்கவில்லை. 2010இல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சிப் பணியகம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. அவற்றை வளர்த்துப் பரப்பினார்கள். அசிரோஃபேகஸ் என்ற குட்டிக் குளவி நன்றாகவே நிலைத்துக்கொண்டது. மருந்து அடக்காத பூச்சியை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி அடக்கியது. 2020இல் மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி வந்தபோதும் இதே வழிதான். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி வந்தது. 2022இல் பக்கத்துச் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட ஆரம்பித்தார்கள்.

அப்படியானால் மருந்தே வேண்டாமா?

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வோல்ட்டெராவின் விடை நீண்ட காலச் சராசரி பற்றியது. மக்காச்சோளம் மூன்றரை மாதப் பயிர். குருத்துக்குள் புழு தின்றுகொண்டிருக்கும்போது சராசரிக்காகக் காத்திரு என்று யாரும் சொல்ல முடியாது. படைப்புழு புதிய ஊருக்கு வந்த புதிய விருந்தாளி. தாய் அந்துப்பூச்சி ஒன்று ஆயிரத்துக்கு மேல் முட்டை இடும், ஒரே இரவில் 100 கிலோமீட்டர் பறக்கும். எதிரிகளே இல்லாத இடத்தில் அது ஆடும் ஆட்டத்துக்கு முதல் வருஷம் மருந்து தேவைப்பட்டது உண்மைதான்.

ஆனால் அதே 2018இல் கர்நாடகத்தில் தேடிப் பார்த்தபோது, படைப்புழுவின் முட்டையில் முட்டையிடும் டிரைக்கோகிரம்மா, டெலினோமஸ் குளவிகளும், புழுவைத் தொற்றிக் கொல்லும் ஒரு பூஞ்சையும் ஏற்கெனவே காட்டில் இருந்தன. யாரும் இறக்குமதி செய்யாமலே நம் மண்ணின் எதிரிகள் வேலையை ஆரம்பித்துவிட்டன. விதைக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு காலண்டர் பார்த்து மருந்து அடித்தால், முதலில் சாவது இவைதான். ஏனென்றால் புழு குருத்துக்குள் ஒளிந்திருக்கும். குளவிக்கு ஒளிய இடமில்லை.

இன்னொரு உயிரும் இந்தக் கணக்கில் இருக்கிறது. மருந்து அடிப்பவர். 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் பலர் இறந்தார்கள். அதே சமயத்தில் பெரம்பலூர் மாவட்டத்திலிருந்தும் பருத்திக்காட்டு மரணச் செய்திகள் வந்தன. மருந்துக் கடை பில்லில் இந்த விலை எழுதியிருக்காது.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஒரு காட்டின் வரவு செலவில் விதை, உரம், மருந்து, கூலி எல்லாம் வருகிறது. நன்மை செய்யும் பூச்சி மட்டும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வட்டி கேட்காத, கூலி கேட்காத மூலதனம் அது. ஒவ்வொரு டேங்க் மருந்தும் அந்த மூலதனத்தில் கொஞ்சத்தை எடுக்கிறது. தேய்மானத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. மூலதனம் கரைந்த பிறகு பூச்சி பெருகும். பூச்சி பெருகினால் இன்னும் மருந்து. 1500 ஏன் வந்தது என்று தெரியாமல், 1500ஐக் குறைக்க இன்னும் ஒரு டேங்க்.

வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வாலிகண்டபுரத்தில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. மருந்துக்கடைக்குப் போகுமுன் ஒரு தடவை காட்டுக்குள் நடந்து, பத்துப் பதினைந்து இடத்தில் செடியைப் பார்த்து, புழு எத்தனை, அதன் எதிரி எத்தனை என்று எண்ணச் சொல்வார்கள். எண்ணுவதற்குக் காசு ஆகாது. வோல்ட்டெராவின் மருமகன் செய்ததும் அதைத்தானே? மார்க்கெட் பதிவேடுகளைப் புரட்டி, எந்த மீன் எத்தனை என்று கணக்கெடுத்தார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.